மாவிலைச் சாறும் வெள்ளி நைட்ரேட்டும் சேர்ந்து பழுப்பானால், வெள்ளி நானோ துகள் உருவாகிவிட்டது என்று பொருளா?

நிறமாற்றத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. முதுகலை வேதியியல் படித்தபோது கிருஷ்ணகிரியில் நானும், இலைச்சாற்றைக் கொண்டு வெள்ளியின் மிக நுண்ணிய துகள்களை உருவாக்கும் இதே ஆய்வைத்தான் செய்தேன். சந்தூர்ப் பக்கத்துத் தோப்பில் பறித்த பெங்களூரா மாவிலையை நறுக்கிக் கொதிக்கவைத்து வடித்த சாறும், ஒரு மில்லிமோலார் செறிவுள்ள வெள்ளி நைட்ரேட் கரைசலும்தான் மூலப்பொருள்கள்.

முதல் முறை கலவை பழுப்பாகவே இல்லை. பால் கலந்தாற்போல் வெளுத்துக் கலங்கியது. காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோனதால், ஆழ்துளைக் கிணற்று நீரில் சாறு எடுத்திருந்தேன். எங்கள் மாவட்டத்துத் தண்ணீர் என்றாலே ஃபுளூரைடுதான் நினைவுக்கு வரும் என்பதால் அதன்மேல் பழியைப் போட்டேன். ஆனால் வெள்ளி ஃபுளூரைடு நீரில் நன்றாகக் கரையக்கூடியது. கலங்கவைத்தது நீரிலிருந்த குளோரைடு. அது வெள்ளி அயனிகளைப் பிடித்து வெள்ளி குளோரைடாக வீழ்படியச் செய்துவிட்டது.

வடித்த நீரில் மறுபடி செய்தபோது வெளிர் மஞ்சள் தேன் நிறமாகி, பிறகு பழுப்பானது. (கையுறை போடாத என் விரல்களும் கறுத்தன, அந்தக் கறை போகப் பல நாளாயிற்று.) இலையிலுள்ள மாஞ்சிஃபெரின் போன்ற பாலிஃபீனால்கள் வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைத் தந்து அதை உலோகமாக ஒடுக்குகின்றன, சாற்றின் பொருள்களே துகளைப் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கின்றன. துகளிலுள்ள கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளி அலையோடு சேர்ந்து ஊசலாடும்போது, சுமார் 400 முதல் 450 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல ஒளி பெரிதும் உட்கவரப்படுவதால் எஞ்சிய மஞ்சளே கண்ணுக்குத் தெரிகிறது. இதுவே பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு. தங்கத்துக்கு இது 520 நானோமீட்டரை ஒட்டி அமைவதால் அதன் கூழ்மம் (நுண்துகள்கள் நீரில் பரவி மிதக்கும் கலவை) செந்நிறமாக இருக்கும். அந்தச் சிவப்பை ஃபாரடே 1857இல் ஆராய்ந்தார், அதற்கான கணிதக் கோட்பாட்டை 1908இல் குஸ்டாவ் மீ என்ற ஜெர்மன் இயற்பியலாளர் தந்தார்.

சிக்கல் என்னவென்றால், நறுக்கிய வாழைக்காய் கறுப்பதுபோல் இலைச்சாறும் காற்றுப்பட்டால் தானாகவே கறுக்கும். எனவே வெறும் சாற்றையும், சாறு சேராத வெள்ளி நைட்ரேட்டையும் தனித்தனிக் குடுவைகளில் பக்கத்திலேயே வைத்து, மூன்றையும் நிறமாலைமானியில் (எந்த அலைநீள ஒளி எவ்வளவு உட்கவரப்படுகிறது என்று அளக்கும் கருவி) பாருங்கள். கலவையில் மட்டும் 420 நானோமீட்டரை ஒட்டி உட்கவர்தல் வரைகோட்டில் ஒரு முகடு எழுந்து நேரத்தோடு உயர்ந்தால் நம்பலாம். முகடு அகன்று நீண்ட அலைநீளப் பக்கம் நகர்ந்தால், துகள்கள் பெருத்துவிட்டன அல்லது திரண்டுவிட்டன. அளக்கும் முன் கலவையை நீர்த்துக்கொள்ளுங்கள்; நான் அப்படியே ஊற்றியதில் முகட்டின் தலை தட்டையாகவே பதிவானது.