தோழியின் குழந்தை ஏழு மாதத்திலேயே தவழ்கிறது, என் மகனுக்கு எட்டு மாதம் முடிந்தும் தவழவில்லை. முதல் வருடத்தில் நடப்பதையெல்லாம் எல்லோரிடமும் பகிரத்தான் வேண்டுமா?

பகிருங்கள். ஆனால் எந்த மாதத்தில் செய்தான் என்பதை விட்டுவிட்டு, எப்படிச் செய்தான் என்பதைப் பகிருங்கள்.

அநேகமாக இது உங்கள் முதல் குழந்தை. அவன் தூங்கிய பிறகு தோழியின் வீடியோவை மறுபடியும் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கேள்வியை எழுதியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. தோழி மீது உங்களுக்குக் கோபம் இல்லை, உள்ளே ஒரு பயம் மட்டும் இருக்கிறது. அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரியும். என் மகள் கடைசி வரைக்கும் தவழவே இல்லை.

முதலில் உங்கள் மகன் விஷயம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உட்காருவது, தவழ்வது, நிற்பது, நடப்பது எல்லாம் எந்த வயதில் வருகின்றன என்று 2006இல் வெளியிட்டது. பிடிமானம் இல்லாமல் உட்கார 3.8 முதல் 9.2 மாதம் வரை. கையும் முழங்காலும் ஊன்றித் தவழ 5.2 முதல் 13.5 மாதம் வரை. தனியாக நடக்க 8.2 முதல் 17.6 மாதம் வரை. ஆரோக்கியமான குழந்தைகளுக்குள்ளேயே இத்தனை மாத வித்தியாசம் இருக்கிறது. அதே ஆய்வில் நூற்றுக்கு நான்கு குழந்தைகளுக்கு மேல் அப்படித் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதையே அதிலிருந்து எடுத்துவிட்டது. பிசியோதெரபி படித்தவர்கள் இதை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். தவழ்வது நல்லதுதான், நான் அதை மறுக்கவில்லை. எட்டு மாதத்தில் தவழாதது நோய் இல்லை என்று மட்டும் சொல்கிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தையாக இருந்தால், பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி என் வீட்டுக் கதை. என் மகளும் என் ஒன்றுவிட்ட தம்பியின் மகனும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் பிறந்தவர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவன் வீடியோ வந்துகொண்டே இருக்கும். குப்புற விழுந்தான், தவழ்ந்தான், நாற்காலியைப் பிடித்து நின்றான். தம்பி சந்தோஷத்தில் போடுகிறான், அதில் தப்பே இல்லை. அந்தப் பையனை எனக்கும் ரொம்பப் பிடிக்கும்.

என் மகளோ நன்றாக உட்கார்ந்த பிறகும் தவழும் நிலைக்கே வரவில்லை. குப்புறப் போட்டால் அழுவாள். ஒரு நாள் உட்கார்ந்த வாக்கிலேயே ஒரு கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, புட்டத்தால் தள்ளித் தள்ளி முன்னால் வந்தாள். அறையின் ஒரு கோடியிலிருந்து என்னை நோக்கி வந்து சேர்ந்தாள். நிமிர்ந்த முதுகும், இன்னொரு கையில் விடாமல் பிடித்திருந்த பொம்மையுமாக அவள் வந்த அழகை இன்றைக்கும் வர்ணிக்க முடியும். வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். முதலில் வந்த பதில் சித்தியுடையது: "இன்னுமா தவழல? எதுக்கும் டாக்டர்கிட்ட காட்டிருங்கப்பா." அப்புறம் வரிசையாக வந்தன. யாரோ எடை கேட்டார்கள், யாரோ எண்ணெய் தேய்த்து காலை நீவிவிடச் சொன்னார்கள், யாரோ தன் பையன் ஏழு மாதத்திலேயே நின்ற கதையைச் சொன்னார்கள். குழந்தை முதல்முறையாகத் தானே நகர்ந்திருக்கிறாள் என்று ஒருவர்கூட சந்தோஷப்படவில்லை. என் மனைவி அன்றிலிருந்து அந்தக் குழுவைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள்.

சித்தியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் அக்கறையில்தான் சொன்னார். மாதக் கணக்கை வைத்துக்கொண்டு பேசினால் பேச்சு அந்தத் திசையில்தான் போகும்.

அதே வீடியோவை ஊரில் இருக்கும் என் அம்மாவுக்கும் அனுப்பியிருந்தேன். அம்மாவுக்கு நான் தினமும் ஏதாவது எழுதுவேன். பெரிய விஷயங்கள் இல்லை. தன் நிழலைத் தொடப் பார்த்தாள், கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அது எங்கே போனது என்று எட்டிப் பார்த்தாள், மறுபடி எடுத்துக் கொடுத்தால் மறுபடி போட்டாள், நான் தும்மினால் சிரிக்கிறாள், இந்த மாதிரி. (கரண்டி விழுந்த இடத்தைத் தேடுவது சின்ன விஷயம் போலத் தெரியும். கண்ணில் படாத பொருளும் எங்கேயோ இருக்கிறது என்பது அந்த வயதில்தான் குழந்தைக்கு மெல்லப் பிடிபடுகிறது. எனக்கு அது முதல் அடியைவிடப் பெரிய விஷயம்.) வீடியோவைப் பார்த்ததும் அம்மா போன் செய்தார். "டேய், நீயும் தவழ்ந்ததே இல்லடா. இப்படியேதான் உட்கார்ந்த வாக்குல ரூம் ரூமா நகருவ. நடக்க லேட்டாச்சுன்னு உங்க ஆச்சி புலம்பிக்கிட்டே கிடந்தாங்க." இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது. பெரியவனான பிறகு யார் இதையெல்லாம் சொல்லப் போகிறார்கள்?

குழந்தை மருத்துவரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "குடும்பத்துல யாராவது இப்படி நகர்ந்திருக்காங்களா?" என்பது. என்னிடம் பதில் இருந்தது. இப்படி உட்கார்ந்தே நகர்வது பரம்பரையாக வருவதுண்டு, இந்தக் குழந்தைகள் கொஞ்சம் தாமதமாகத்தான் நடப்பார்கள் என்று அவர் விளக்கினார். கால், இடுப்பு எல்லாம் சோதித்தார். இரண்டு கையையும் சமமாகப் பயன்படுத்துகிறாளா, பேர் சொன்னால் திரும்புகிறாளா என்று பார்த்தார். காத்திருக்கச் சொன்னார். பதினாறு மாதம் முடிந்த பிறகு நடந்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் சேர்ந்திருக்கிறாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அந்தக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்னால் விவரம் எழுதிக்கொண்டவர் என்னைப் பார்த்துக் கேட்டது, "அம்மா வரலையா?" மனைவி வேலைக்குத் திரும்பியிருந்தாள், அந்த மாதங்களில் பகல் முழுவதும் குழந்தையோடு இருந்தது நான். எத்தனை முறை பால் குடிக்கிறாள், எப்போது தூங்குகிறாள், எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். நான் சொன்னதை எழுதிக்கொண்டு, "எதுக்கும் அம்மாகிட்ட போன்ல ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க" என்றார். வேறு இடங்களிலும் இதே அனுபவம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அப்பாவை 'உதவி செய்கிறவர்' என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். அவர் சொன்னதை அம்மாவிடம் சரிபார்ப்பது, அப்பாவுக்கும் மரியாதை இல்லை, வேலைக்குப் போயிருக்கும் அம்மாவுக்கும் நியாயம் இல்லை. அம்மாக்கள் சுமப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள்.

சரி, பகிர்வதற்கு வருவோம். குழந்தை படத்தை வெளியே காட்டுவதே விளம்பரம், கண்படும் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். குழந்தை செங்கீரை ஆடுவதையும் கைகொட்டுவதையும் நடந்து வருவதையும் பத்துப் பருவமாக்கிப் பிள்ளைத்தமிழ் பாடிய மொழி நம்முடையது. பூரிப்பைச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். யாருக்குச் சொல்கிறோம் என்பதில்தான் நான் கறாராக இருக்கிறேன். முகம் தெரியாதவர்கள் பார்க்கும் இடத்தில் என் மகள் படம் ஒன்றுகூட இல்லை. குளிக்கும் படத்தை யாருக்குமே அனுப்பியதில்லை. அது அவளுடைய உடம்பு, பெரியவளானதும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது.

உங்கள் தோழிக்கு மனதாரப் பதில் போடுங்கள். உங்கள் மகன் இந்த வாரம் என்ன செய்தான் என்பதையும் எழுதுங்கள். எட்டு மாதத்தில் செய்வதற்கு அவனுக்கு நிறைய இருக்கும். புது முகத்தைப் பார்த்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்வது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பொம்மையை மாற்றுவது, ஒரே சத்தத்தை நீட்டி நீட்டிச் சொல்வது. உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் நீங்களும் உங்கள் துணையும் எப்படி நகர்ந்தீர்கள் என்று கேளுங்கள்.

ஒன்பது மாதம் தாண்டியும் பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை, ஒரு பக்கத்துக் கை காலை மட்டும் பயன்படுத்துகிறான், உடம்பு மிகத் துவண்டோ விறைத்தோ இருக்கிறது, சத்தத்துக்குத் திரும்பவில்லை, ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டான். இதில் ஏதாவது ஒன்று இருந்தால் என்னைப் போன்றவர்களின் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது அவன் வீட்டில் நகரும் வீடியோவைக் கையோடு எடுத்துப் போங்கள். கிளினிக்கில் பெரும்பாலான குழந்தைகள் மடியை விட்டு இறங்கவே மாட்டார்கள். என் மகளும் இறங்கவில்லை. மருத்துவர் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.