லிஸ்ட் தர மாட்டேன் தம்பி, மலை மேல ஏறிப் பாருங்க

கேள்வி: சார், செகண்ட் ஹேண்ட்ல நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம் மெஷின் ஒண்ணு வாங்கி ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ங்கிற வீடியோ கேம் ஆடிட்டு இருக்கேன். 70 மணி நேரம் ஆச்சு. டிவைன் பீஸ்ட்ங்கிற ராட்சச மெஷின் மிருகம் நாலுல ஒண்ணுதான் முடிச்சிருக்கேன், ஷ்ரைன்ங்கிற சின்னச் சின்னப் புதிர்க் கோயில் 31. என் கூட வேலை பாக்குற நண்பர் போன்ல எல்லா இடமும் குறிச்ச மேப்பைத் திறந்து வச்சுக்கிட்டு கோரோக்ங்கிற குட்டிக் காட்டு ஆவிங்க ஒளிஞ்சிருந்து தர்ற 900 விதையும் எடுத்து 100 சதவீதம் முடிச்சுட்டார். நான் சும்மா சுத்தி சுத்தி டைம் வேஸ்ட் பண்றேனோன்னு இருக்கு. எந்த எடத்துக்கு அப்புறம் எந்த எடம்னு வரிசையா ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்க. மாஸ்டர் சோர்டுங்கிற வாள் எங்க இருக்குன்னும் சொல்லிடுங்க. – ஒரு வாசகர்.

பதில்: லிஸ்ட் தர மாட்டேன். கோவிச்சுக்காதீங்க தம்பி, ஆனா நீங்க கேக்குறது எப்படி இருக்குன்னா, சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, சீக்கிரம் முடிக்க யாராவது ஊட்டி விடுங்கன்னு கேக்குற மாதிரி இருக்கு. 70 மணி நேரம் சுத்தினேன்னு எழுதிருக்கீங்களே, அந்தச் சுத்தலுக்காகத்தான் இந்த கேமையே பண்ணிருக்காங்க.

வரிசைன்னு ஒண்ணு இதுல இருந்தா நான் சொல்லிடுவேன். கேம் ஆரம்பிக்கிற கிரேட் பிளாட்டோவை ஞாபகப்படுத்திப் பாருங்க. நாலு ஷ்ரைன் முடிச்சதும் அங்க இருக்குற கிழவர் காத்துல மிதந்து எறங்குற பாராகிளைடரைக் கையில குடுத்துடறார், அவ்வளவுதான், அதுக்கப்புறம் நேரா கோட்டைக்குப் போய் கடைசி வில்லன் கேனான் கூட சண்டை போடணும்னாலும் போடலாம், ஒருத்தரும் தடுக்க மாட்டாங்க, டிவைன் பீஸ்ட்ல ஒண்ணைக் கூட தொடாம முடிச்சவங்க எத்தனையோ பேர். அந்த பிளாட்டோவுலயே பனி மலை ஒண்ணு வரும், குளிர்ல உங்க உயிரைக் காட்டுற இதயம் ஒவ்வொண்ணா கொறையும். அங்க நீங்க என்ன பண்ணீங்க? மிளகாயைச் சமைச்சு சாப்பிட்டுட்டுப் போனவங்க உண்டு, எரியுற பந்தத்தைக் கையில பிடிச்சுக்கிட்டே ஏறினவங்க உண்டு, ஆப்பிளை வாயில போட்டுக்கிட்டே ஒரே ஓட்டமா ஓடினவங்களும் உண்டு. எல்லாருமே சரிதான். முதல் ரெண்டு மணி நேரத்துலயே கேம் உங்ககிட்ட சொல்லிடுது, வழி உன்னோடதுன்னு. அப்புறமும் நீங்க என்கிட்ட வந்து வழி கேட்டா நான் என்ன சொல்றது?

உங்க நண்பரோட 100 சதவீதத்தைப் பத்தி. அவர் உழைப்பை நான் கொறை சொல்லல, 900 விதை எடுக்குறது லேசுப்பட்ட வேலை கெடையாது. ஆனா அந்த சதவீதத்துல பெரும்பங்கு விதைதான், ஒரு விதைக்கு 0.08 வீதம் கூடிட்டே போகும். ஆயுதம், வில், கேடயம் வைக்கிற எடத்தை எல்லாம் முழுசா பெருசாக்க 441 விதை போதும், மிச்சத்துக்கு அதுவும் கெடையாது. 900த்தையும் கொண்டு போய் ஹெஸ்டுங்கிற பெரிய கோரோக்கிட்ட குடுத்தா தங்க நிறத்துல ஒரு பொருள் தருவார், அதை வச்சுக்கிட்டு எப்பக் கேட்டாலும் உங்களுக்காக ஒரு டான்ஸ் ஆடுவார், அவ்வளவுதான் பரிசு. பின்ன எதுக்கு 900 வச்சாங்கன்னா, நீங்க எந்தப் பக்கம் போனாலும், பாதையை விட்டு எவ்வளவு விலகிப் போனாலும், அங்க உங்களுக்காக ஏதாவது ஒண்ணு காத்திருக்கணும்னுதான். ஒரு மலை உச்சியில தனியா ஒரு கல் கெடக்கு, என்னடா இதுன்னு தூக்கிப் பாத்தா கோரோக் எட்டிப் பாக்குது, அந்த நிமிஷத்துல வர்ற சந்தோஷம் மேப்புல புள்ளி பாத்துப் போய் தூக்கினா வராது. கல்லு அதேதான், விதையும் அதேதான், ஆனா ‘என்னடா இது’ங்கிற அந்தக் கேள்வி அங்க இருக்காதே.

இதை உருவாக்கினவங்களே பட்டுத் திருந்தின விஷயம் ஒண்ணு இருக்கு, சொல்றேன். 2017ல கேம் வந்த அதே வருஷம் ஜப்பான்ல செடெக்னு டெவலப்பர்ஸ் மாநாட்டுல அந்த டீம் ஆளுங்களே பேசினாங்க. ஆரம்பத்துல கோபுரங்களை வழிகாட்டி மாதிரி நட்டு வச்சுட்டு ஆட விட்டுப் பாத்திருக்காங்க. ஆடினவங்க கோபுரம் விட்டுக் கோபுரம் கோடு போட்ட மாதிரி போயிருக்காங்க, நம்மள யாரோ கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்குன்னு சொல்லிருக்காங்க. அதைக் கேட்டுட்டு நிலத்தையே மாத்தி அமைச்சாங்க. அவங்க அதுக்கு வச்ச பேரு முக்கோண விதி. மலை, குன்று, பாறைன்னு எல்லாத்தையும் முக்கோணமா யோசிச்சாங்க. முக்கோணம் ஒண்ணு எதிர்ல வந்தா ஏறிப் போறதா சுத்திப் போறதான்னு நீங்க முடிவு பண்ணியாகணும், அதோட அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னும் தெரியாது, சுத்திட்டுப் போகும்போது கொஞ்சம் கொஞ்சமா ஒரு கூரை தெரியும், புகை தெரியும், ஷ்ரைனோட ஆரஞ்சு வெளிச்சம் தெரியும். அதைப் பாத்ததும் முதல்ல போக நெனச்ச எடம் மறந்து போய் கால் இந்தப் பக்கம் திரும்பும். உங்களுக்கு இது 70 மணி நேரமா நடந்துட்டு இருக்கு, அதைத்தான் நீங்க டைம் வேஸ்ட்ங்கிறீங்க. அவங்க உக்காந்து யோசிச்சு யோசிச்சு வச்ச விஷயம் தம்பி அது.

டைரக்டர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷி, தூரம் எல்லாம் எப்படி இருக்கணும்னு முடிவு பண்ண தான் வாழ்ந்த கியோட்டோ ஊரோட மேப்பை எடுத்து கேம் மேப் மேல வச்சுப் பாத்தாராம், இங்கருந்து அங்க போக எவ்வளவு நேரம் ஆகும்னு கால் பழகின ஊரை வச்சு கணக்கு போட்டுருக்கார். இந்தத் தொடரை 1986ல ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தரான ஷிகேரு மியாமோட்டோவும் கியோட்டோ பக்கத்துல சோனோபேங்கிற ஊர்ல வளந்தவர். சின்ன வயசுல காட்டுல சுத்தும்போது ஒரு குகையைக் கண்டுபிடிச்சு, அப்புறம் விளக்கை எடுத்துக்கிட்டு உள்ள போய்ப் பாத்ததை அவரே பல தடவை சொல்லிருக்கார். முதல் ஸெல்டாவுல கேம் ஆரம்பிச்ச முதல் ஸ்க்ரீன்லயே ஒரு குகை வாசல் இருக்கும், உள்ள போனாத்தான் வாள் கிடைக்கும். காட்டுல சுத்தின அந்தப் பையன் மியாமோட்டோ கையில மேப் இல்ல. இருந்திருந்தா குகை வாசல்ல அப்படி தயங்கி நின்னிருக்கவும் மாட்டான்.

நான் ஆடினப்ப நடந்ததைச் சொல்றேன். காக்கரிக்கோ கிராமத்துல இருந்து வேற எங்கயோ போகக் கிளம்பினேன், எங்கன்னு கூட இப்ப ஞாபகம் இல்ல. வழியில இடிஞ்ச வளைவுகளும் தண்ணியுமா நீளமா ஒரு பாதை வந்துச்சு, அது போய் முடியுற எடத்துல பெரிய வாசல், வாசலுக்கு அந்தாண்ட லனேரு மலை, முழுக்கப் பனி. யாரும் என்னை அங்க போகச் சொல்லல. ஏறிப் பாத்துடலாம்னு தோணுச்சு. குளிருக்குத் தனியா ஒரு சட்டை, அது பத்தாம திரும்பிப் போய் மிளகாயைச் சமைச்சு ஆறு தட்டு எடுத்துக்கிட்டு வந்தேன், ஒரு தட்டோட சூடு தீரத் தீர அடுத்த தட்டு. ராத்திரி ஆயிடுச்சு. உச்சிக்குப் போய் எட்டிப் பாத்தா ஒரு சுனை, சுனையில தேவதை சிலை, அதுக்கு மேல மலையையே சுத்திக்கிட்டு ஒரு டிராகன், நேட்ரா, உடம்பு பூரா ஊதாக் கலர்ல சேறு பூசின மாதிரி, அந்தச் சேத்துல கண்ணு கண்ணா முளைச்சிருக்கு. கைல இருந்த கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே பாத்துட்டு இருந்தேன். அப்புறம் வில்லை எடுத்து ஒரு கண்ணை அடிச்சா அது கெளம்பிப் பறக்குது, பின்னாலயே நானும் பாராகிளைடரை விரிச்சுக் குதிச்சு, காத்துல இருந்தபடியே அம்பு விட்டு, ஸ்டாமினா தீர்ந்து பனியில விழுந்து, எந்திரிச்சு மறுபடி தொரத்தி... கடைசிக் கண்ணும் போனப்ப சேறெல்லாம் கரைஞ்சு நீலமா ஜொலிச்சுது பாருங்க, ஐயோ, அதை எப்படிச் சொல்றது. இதெல்லாம் எந்த லிஸ்ட்லயாவது படிச்சுட்டுப் போயிருந்தா ‘டிராகன் – கண்களை அடிக்கவும்’னு ஒரு வரி, அதோட முடிஞ்சிருக்கும். உங்ககிட்ட இப்ப சொல்லிட்டேனேன்னு எனக்கே கொஞ்சம் வருத்தம்தான். டிராகன் மொத்தம் மூணு, மத்த ரெண்டைப் பத்தி வாயே திறக்க மாட்டேன்.

அதுக்காக யார்கிட்டயும் எதையும் கேக்கக் கூடாதுன்னு சொல்ல வரல. ஒரு ஷ்ரைன்ல ரெண்டு ராத்திரி உக்காந்தும் புரியலைன்னா பாத்துட்டுப் போங்க, அதுல ஒண்ணும் குத்தம் இல்ல. வேலை முடிஞ்சு வந்து அரை மணி நேரம்தான் கிடைக்குது, கதை முடிவைப் பாக்கணும்னு ஆசையா இருக்குன்னாலும் நியாயம்தான், மேப்புல கதையோட அடுத்த வேலையைக் காட்டுற குவெஸ்ட் குறி இருக்கு, அதைப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. ஆனா உங்க லெட்டர்ல அந்த ஆசை தெரியல, நண்பர் முடிச்சுட்டாரேங்கிற தவிப்புதான் தெரியுது. கேம்ல நீங்க கடைசியா ஜெயிக்க வேண்டியது கேனானை, உங்க நண்பரை இல்ல, அவனும் 100 வருஷமா அந்தக் கோட்டைக்குள்ளயேதான் இருக்கான், நீங்க 200 மணி நேரம் கழிச்சுப் போனாலும் அங்கயேதான் இருப்பான்.

லிஸ்டுக்குப் பதிலா சில வேலை சொல்றேன், செய்யுங்க. செட்டிங்ஸ்ல போய் ஸ்க்ரீனை ‘ப்ரோ’ மோடுக்கு மாத்துங்க, மூலையில இருக்குற சின்ன மேப் போயிடும், கண்ணு தானா மலையைத் தேட ஆரம்பிக்கும். கோபுரம் ஏறினா இந்த கேம்ல நிலம்தான் தெரியும், எங்க என்ன இருக்குன்னு ஐகான் கொட்டாது, அதனால கோபுரத்து மேலயே நின்னு தூரத்தைப் பாக்குற ஸ்கோப்பை எடுத்து நாலா பக்கமும் பாத்து, கண்ணுக்கு விசித்திரமா படுறதுக்கெல்லாம் நீங்களே பின் குத்துங்க. அந்த பின்தான் உங்க லிஸ்ட். மழை வந்தா ஏறாதீங்க, வழுக்கி வழுக்கி ஸ்டாமினா போறதுதான் மிச்சம், பாறைக்கு அடியில தீ மூட்டி உக்காந்து விடியுற வரைக்கும் பொழுதைத் தள்ளுங்க. இடி இடிக்கும்போது முதுகுல இருக்குற இரும்பு வாள்ல பொறி பறந்தா உடனே கழட்டிடுங்க, அது எதுக்குன்னு ஒரு தடவை கழட்டாம இருந்து பாத்தாலும் தெரியும்.

தனியா காசு குடுத்து வாங்குற கூடுதல் பகுதி, அதான் டிஎல்சி, வாங்கிருந்தீங்கன்னா மேப்புல ஹீரோஸ் பாத்னு ஒண்ணு இருக்கும், கடைசி 200 மணி நேரம் நீங்க நடந்த வழியெல்லாம் பச்சைக் கோடா ஓடும். அதைப் போட்டு ஒரு தடவை பாருங்க. எங்க திரும்பினீங்க, எங்க பயந்து ஓடினீங்க, எந்த மலையைச் சுத்தி சுத்தி வந்து கடைசியில ஏறினீங்கன்னு எல்லாமே அதுல இருக்கும். உங்க நண்பரையும் அவரோடதைப் போடச் சொல்லி ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, யாரு கோடு எந்தப் பக்கம் ஓடுதுன்னு.

மாஸ்டர் சோர்டு கேட்டீங்க. அதுல ஒரே ஒரு விஷயம் சொல்லிடறேன், ஏன்னா அது தெரியாம ரொம்ப பேர் அவ்வளவு தூரம் போயிட்டு மனசு ஒடிஞ்சு திரும்பிருக்காங்க. வாளை உருவ முழுசா 13 இதயம் உங்களோடதா இருக்கணும், சாப்பிட்டு ஏத்துற மஞ்சள் இதயம் கணக்குல வராது, கொறைஞ்சா உருவ உருவ உயிர் வடியும், விடாம இழுத்தா செத்தே போவீங்க. 31 ஷ்ரைன்ல உங்களுக்கு இன்னும் அவ்வளவு சேர்ந்திருக்காது. எங்க இருக்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா வானம் தெளிவா இருக்குற ஒரு காலையில ஏதாவது உயரமான எடத்துல நின்னு கோட்டைக்கு வடக்க பாருங்க, ரோஸ் கலர்ல பூத்த பெரிய மரம் ஒண்ணு தெரியும். அதைச் சுத்தி இருக்குற காட்டுக்குள்ள போனா பனிமூட்டம் உங்களைத் திருப்பித் திருப்பி வெளிய அனுப்பிடும். அங்க எரியுற பந்தத்துக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் சும்மா நின்னு, பொறி எந்தப் பக்கம் பறக்குதுன்னு பாருங்க.