யாரும் தொடாமலே ஓடுற சிக்னல் – வாசகர் கடிதம்

வணக்கம் சார்,
எப்ஸ்டீன்-பார் வைரஸ் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். வைரஸோட புரோட்டீன் பி செல்லோட சிக்னலை கைப்பத்திக்குதுன்னு சொல்லிருந்தீங்க. ஒரு புரோட்டீன் எப்படி சார் ஒரு செல்லையே தன் பேச்சைக் கேக்க வைக்கும்? அப்புறம் இவ்ளோ பேருக்கு அந்த வைரஸ் இருந்தும் ஏன் ஒண்ணும் ஆகறதில்ல?
– நித்யா, திருச்சி

அன்புள்ள நித்யா,

பி செல்ங்கறது ஆன்டிபாடி தயாரிக்கிற வெள்ளையணு. அது பெருகணும்னா பொதுவா ரெண்டு அனுமதி வேணும். அதோட ரிசப்டர்ல (சிக்னல் வாங்குற புரோட்டீன்) ஆன்டிஜன், அதாவது கிருமியோட துண்டு மாதிரி ஒண்ணு வந்து ஒட்டணும், அப்புறம் ஹெல்பர் டி செல்ங்கற இன்னொரு வெள்ளையணு பக்கத்துல வந்து சிடி40-ங்கற இன்னொரு ரிசப்டரைத் தொடணும். நம்ம உடம்பையே தாக்குற செல் பெருகிடக்கூடாதுன்னுதான் இவ்ளோ கெடுபிடி. இந்த வைரஸ் ரெண்டு அனுமதிக்கும் தனித்தனியா புரோட்டீன் வச்சிருக்கு.

சிடி40 வேலையைப் பாக்குறது எல்எம்பி1-ங்கற வைரஸ் புரோட்டீன். 386 அமினோ அமிலம், செல் சவ்வை ஆறு தடவை ஊடுருவி நிக்கும். இதை யாரும் வந்து தொட வேண்டாம், சவ்வுக்குள்ளயே ஒண்ணோட ஒண்ணு கூடிக்கிட்டு, காலிங்பெல் பட்டன் அமுங்கினபடியே சிக்கிக்கிட்ட மாதிரி விடாம அடிச்சிட்டே இருக்கும். உள்பக்கம் நீட்டிட்டிருக்குற வால், சிக்னலை உள்ள கடத்துறதுக்காக சிடி40 பிடிக்கிற அதே டிராஃப் புரோட்டீன்களைப் பிடிச்சிக்கும், அங்கருந்து என்எஃப்-கப்பா-பிங்கற, ஜீன்களை இயக்குற புரோட்டீன் நியூக்ளியஸுக்குள்ள போய் சாகாம பெருகுறதுக்கான ஜீன்களை ஆன் பண்ணிடும். வைரஸ் புதுசா பாதை எதுவும் போடல, எல்லாமே செல்லோட சொந்த பாதைதான்.

இன்னொண்ணு எல்எம்பி2ஏ, எனக்கு இதுதான் ரொம்ப ஆச்சரியம். லின், சிக்-ங்கற கைனேஸ்களை (செல்லுக்குள்ள சிக்னலைக் கடத்துற என்சைம்கள்) தன் பக்கம் இழுத்து வச்சிக்கிட்டு, ஆன்டிஜனே வராம செல்லை உயிரோட வச்சிருக்கும். அதே சமயம் நிஜமான ஆன்டிஜன் வந்தா அந்த சிக்னலை ஏற விடாது, ஏறிச்சுன்னா தூங்கிட்டிருக்குற வைரஸ் முழிச்சிக்கும், அது பெருகி வெளிய வர்றப்ப செல்லும் செத்துடும்.

உங்க ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். உலகத்துல பெரியவங்கள்ல 90 சதவீதத்துக்கு மேல இந்த வைரஸ் இருக்கு, ஆனா வைரஸ் புரோட்டீனைக் காட்டுற பி செல்லை டி செல்லுங்க கண்டுபிடிச்சு கொன்னுடும், அதனால வைரஸ், ரொம்ப நாள் வாழுற மெமரி பி செல்லுக்குள்ள போயி இந்த ஜீன்களையெல்லாம் அணைச்சிட்டு பதுங்கிக்கும். கிட்னி, லிவர் மாத்திக்கிட்டவங்களுக்குத்தான் கவலை, உறுப்பை உடம்பு ஒதுக்காம இருக்க குடுக்குற மருந்து டி செல்லையும் அடக்கிடுதே, அப்ப இந்த செல்லுங்க தடையில்லாம வளந்து லிம்ஃபோமாங்கற புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

என்எஃப்-கப்பா-பியை மொத்தமா அடைச்சிடலாமேன்னு தோணும், ஆனா நம்ம நோயெதிர்ப்பு செல்களுக்கும் அதே பாதைதான் வேணும். அதனால டாக்டருங்க முடிஞ்சா முதல்ல அந்த அடக்குற மருந்தோட டோஸைக் குறைப்பாங்க, தேவைப்பட்டா பி செல்களை அழிக்கிற ரிட்டுக்சிமாப் மருந்து குடுப்பாங்க. இதுக்கெல்லாம் கட்டுப்படாதவங்களுக்கு, வேற ஒருத்தர் ரத்தத்துலருந்து எடுத்து இந்த வைரஸை அடையாளம் காண பழக்கின டி செல்லையே ஏத்துற சிகிச்சைக்கு 2022 டிசம்பர்ல ஐரோப்பாவுல அனுமதி கிடைச்சிருக்கு.