வாசகர் கேள்வி – பதில்: சேற்றிலும் பனியிலும் பழைய இராணுவ லொறிகள்

கேள்வி: பாட்டனார் மரக்காலைத் தேவைக்காக வாங்கிய பெட்போர்ட் ஆர்.எல். லொறியைத் திருத்தி மீண்டும் ஓட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். கோடையில் குறையேதும் இல்லை. மாரி தொடங்கியபின் உர மூடைகளுடன் வயல் பாதையில் இறங்கினால் புதைந்துவிடுகிறது. நான்கு சில்லும் இழுக்கும் இராணுவ லொறி ஏன் புதைய வேண்டும்?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: 1950களின் தொடக்கத்தில் பிரித்தானிய இராணுவச் சேவைக்கு வந்த இந்த லொறி, வெறுமையாகவே நான்கு தொன்னுக்கு மேல் எடை கொண்டது. அதன் ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினுக்கு வலுவில் குறைவே இல்லை. சேற்றில் தோற்பது எஞ்சின் அல்ல, சில்லுக்குக் கீழே இருக்கும் மண். ஒரே அச்சின் இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்லிணைப்புத்தான் டிபரன்ஷியல். ஆர்.எல். லொறியில் அதைப் பூட்டும் வசதி கிடையாது. ஆகையால் முன் அச்சில் ஒரு சில்லும் பின் அச்சில் ஒரு சில்லும் பிடிமானத்தை இழந்தால், அவை இரண்டும் சும்மா சுற்றிக்கொண்டிருக்க, மற்ற இரண்டும் அசையாமல் நின்றுவிடும்.

சேற்றுக்குள் இறங்கிய பின் சாரதியால் செய்யக்கூடியது மிகக் குறைவு. இறங்குமுன் செய்பவைதான் லொறியைக் கரைசேர்க்கும் என்பது என் உறுதியான எண்ணம். முதலில் லொறியை நிறுத்திவிட்டு, அலவாங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பாதையில் நடந்து பாருங்கள். ஒரு கையால் ஊன்றும்போது ஒரு சாண் ஆழத்திலேயே நுனி கடினமான தளத்தில் முட்டினால், மேலே இருப்பது வழுக்கும் சேறு மாத்திரமே. உயரமும் ஒடுக்கமுமான இராணுவ ரயர் அதை வெட்டிக்கொண்டு கீழ்த்தளத்தைப் பிடித்துவிடும், காற்றைக் குறைக்க வேண்டியதில்லை. அலவாங்கு தடையின்றி முழங்கை அளவுக்கு இறங்கினால் அது வேறு நிலம். அங்கே வீதிக்குரிய காற்றில் மூன்றில் ஒரு பங்கையாவது விட்டு, ரயர் நிலத்தில் படும் பரப்பைக் கூட்ட வேண்டும். பாரத்திலும் பாதியை இறக்கிவிட வேண்டும். காற்றைத் திரும்ப அடிக்கும்வரை வேகமாக ஓட்டக் கூடாது. முருங்கன் பக்கத்துக் கரிய களிமண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரம் பட்டதும் ஊதிப் பருத்து, ரயரின் வரிகளுக்கிடையே அப்பி, அதை மொட்டை ரயராகவே ஆக்கிவிடும் அந்த மண்ணில், நல்ல மழைக்கு மறுநாள் பார லொறியை இறக்கவே வேண்டாம் என்பேன்.

முன் இழுவையையும் தாழ் கியர்ப் பகுதியையும் கெட்டி நிலத்தில் நிற்கும்போதே போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இரண்டாம் கியர் பொருந்தும். நடுவழியில் கிளச்சை மிதித்துக் கியர் மாற்ற முனைந்தால், அந்த ஒரு கணத்தில் வேகம் செத்துவிடும். சீரான வேகத்தில், அக்சிலரேற்றரை ஒரே அளவில் வைத்துக்கொண்டு செல்லுங்கள். இழுவை தளர்வதாகத் தோன்றினால் ஸ்ரியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசையுங்கள், முன் ரயர்களின் ஓரம் புதிய மண்ணைப் பற்றும். சில்லுகள் சுற்றத் தொடங்கியதும் காலை எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் வாருங்கள். அதன் பிறகு கொடுக்கும் ஒவ்வொரு மிதிப்பும் குழியைத் தோண்டுவதற்கே உதவும். மாங்குளம் – முல்லைத்தீவு வீதியின் தாரில் ஏறியவுடன் முன் இழுவையை விடுவிக்க மறவாதீர்கள். வளைவுகளில் முன் சில்லுகளும் பின் சில்லுகளும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, இந்த லொறியில் முன் பின் அச்சுகளுக்கிடையே நடு டிபரன்ஷியல் இல்லாததாலும் தாரில் சறுக்கி ஈடுசெய்ய இடமில்லாததாலும், இழுவைத் தண்டுகள் முறுக்கேறிக் கியர்ப் பற்களே உடைந்துபோகும்.

கேள்வி: புதைந்த லொறியை ட்ரக்டரால் இழுப்பதற்கு வள்ளம் கட்டும் நைலோன் கயிறு போதுமா? பாதை கெட்டிருந்தால் பக்கத்துப் பற்றைக்குள்ளால் சுற்றிப் போகலாமா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். போகக் கூடாது. வேறு நாடுகளில் சேற்றுக் குழியைச் சுற்றிப் போவதே புத்திசாலித்தனம் என்று சாரதிகளுக்குக் கற்பிப்பார்கள். 2009 வரை போர் நடந்த நமது நிலத்தில் அந்தப் பாடம் செல்லாது. பெரும்பகுதி துப்புரவாக்கப்பட்டிருந்தாலும், கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. மாரி வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருட்களை இடம்பெயர்த்தும் விடும். மண்டையோட்டுப் பலகை இல்லை என்பதை மாத்திரம் நம்பி, மக்கள் நாளாந்தம் புழங்காத பற்றைக்குள் பல தொன் எடையுள்ள வாகனத்தை விடாதீர்கள். பாதை கெட்டிருந்தால் திரும்பி வாருங்கள், உரம் இரண்டு நாள் பிந்தினாலும் பயிர் பொறுக்கும்.

நைலோன் கயிறு இழுபட்டு நீளும். நீளும்போது இழுவிசையைத் தன்னுள் சேர்த்து வைக்கும். கயிறு அறுந்தாலோ கொளுக்கி கழன்றாலோ, அந்த விசை முழுவதும் ஒரே நொடியில் திரும்பி வரும், கொளுக்கியும் அதனோடு பறந்து வரும். தகுந்த எடைக்கான கம்பி வடத்தை எடுத்து, அதன் நடுவில் நனைத்த சாக்கு இரண்டைப் போட்டுவிட்டு, வடத்தின் நீளத்தை விடக் கூடுதலான தூரத்துக்கு ஆட்களை விலக்கிவிடுங்கள். வேடிக்கை பார்க்கும் சிறுவர்களைத்தான் முதலில் அப்புறப்படுத்த வேண்டும். இழுக்குமுன் சில்லுகளின் முன்னால் மண்ணைச் சரிவாக வெட்டி, அச்சு மண்ணில் தங்கியிருந்தால் அதையும் விடுவித்து, பனை மட்டைகளைக் குறுக்காக நெருக்கிப் போடுங்கள். பத்து நிமிட மண்வெட்டி வேலை இழுக்கும் பாரத்தில் பெரும் பங்கைக் குறைத்துவிடும்.

கேள்வி: முள்ளியவளையில் பிறந்து கனடாவில் வசிக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்து செவ்ரோலெட் இராணுவ லொறி ஒன்றை நண்பருடன் சேர்ந்து வாங்கியுள்ளோம். ஊர்ச் சேற்றில் ட்ரக்டர் ஓட்டிய அனுபவம் பனியில் கைகொடுக்குமா?
– வாசகர், ரொறன்ரோ

பதில்: ஓரளவு கைகொடுக்கும். கனடாவில் போர்ட், ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனங்கள் பிரித்தானிய மாதிரிக்கேற்பக் கட்டிய அந்த லொறிகளின் ஸ்ரியரிங் வலப்பக்கத்தில் இருப்பதால், ஊரில் பழகிய உங்களுக்கு இருக்கை அந்நியமாகத் தோன்றாது. புதிதாக விழுந்த மென்பனியில் சேற்றின் விதிகளே பொருந்தும்: முன்கூட்டியே தெரிந்த கியர், சீரான வேகம், சில்லு சுற்றினால் காலை எடுப்பது. இறுகி உறைந்த பனியில் அவை போதா. இராணுவ ரயரின் பெரிய கட்டைகளில் பனியைப் பற்றும் மெல்லிய கீறல்களான நுண்வெட்டுகள் இல்லாததாலும், பழைய ரப்பர் குளிரில் விறைத்துவிடுவதாலும், சங்கிலி கட்டாமல் இறக்கத்தில் இறங்காதீர்கள். இறங்கும்போது பிறேக்கை அல்ல, தாழ் கியரின் எஞ்சின் தடையை நம்புங்கள். அந்தக் கியர்ப்பெட்டியில், கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைத் தானாக ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோமெஷ் இல்லை. கீழ்க் கியருக்கு மாற்ற இரட்டைக் கிளச் மிதிக்க வேண்டும் என்பதால், இறக்கத்தின் தலையிலேயே கியரைத் தீர்மானித்துவிடுங்கள்.

வெறும் தண்ணீரை றேடியேற்றரில் விடும் நமது வழக்கத்தை அங்கே அடியோடு விட்டுவிட வேண்டும். தண்ணீர் உறையும்போது விரிந்து வார்ப்பிரும்பு எஞ்சின் கட்டையையே வெடிக்கச் செய்யும். எதிலீன் கிளைகோலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்தால் ஏறத்தாழ மைனஸ் 37 பாகை வரை உறையாது. உறைந்த ஏரிகளில் ஏறும் ஆசை வந்தால், 1941 நவம்பரில் ஜேர்மனியரின் முற்றுகையில் இருந்த லெனின்கிராட் நகருக்கு உணவு கொண்டுசெல்ல லடோகா ஏரியின் பனிக்கட்டி மீது லொறி விட்ட சாரதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பனி உடைந்தால் குதிப்பதற்காக அவர்கள் கதவைத் திறந்து வைத்தே ஓட்டினார்கள். அப்படியிருந்தும் பல லொறிகள் மூழ்கின. பொழுதுபோக்குக்காக அதைச் செய்ய வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு, இது ஒட்டுசுட்டான் வாசகருக்கும் சேர்த்து. இத்தகைய லொறிகளின் றிம் பெரும்பாலும் இரண்டு பாதிகளாகச் செய்து, சுற்றிவர நட் போட்டு இணைத்ததாக இருக்கும். சில்லைக் கழற்றும் நட்களும் பாதிகளை இணைக்கும் நட்களும் வேறு வேறு. காற்று இருக்கும்போது பின்னதைக் கழற்றியவர்கள் அந்த இடத்திலேயே உயிரிழந்திருக்கிறார்கள். இணைப்பு நட்களுக்குச் சிவப்புப் பூச்சு அடித்து வையுங்கள். வால்வின் ஊசியையே கழற்றிக் காற்று முழுவதும் போய்விட்டதை உறுதிசெய்யாமல் ரயர் கடைக்காரர் ஸ்பனரைத் தொட விடாதீர்கள்.

கேள்வி: தாழ்பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடும்போது ஜீப்பைக் கொண்டு கடக்கலாமா?
– வாசகர், கனகராயன்குளம்

பதில்: ஓடும் நீரில் வேண்டாம். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. தேங்கி நிற்கும் நீர் என்றால் நடந்து ஆழம் பார்த்து, காற்றாடிப் பட்டியைக் கழற்றிவிட்டு, மெதுவாகக் கடக்கலாம். கரையேறிய பின் பிறேக்கை இலேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி டிரம்களை உலர்த்துங்கள். சூடான அச்சுப்பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். ஆகவே மறுநாள் அடிப்பக்க நட்டைச் சிறிது தளர்த்தி ஒயிலைப் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் வந்தால், முழுவதையும் வடித்துப் புதிய ஒயில் விட்டபின்தான் மீண்டும் ஓட்ட வேண்டும்.