கம்பத்தில் ஏறிய பக்கத்து மாநிலத்துக்காரர்

கேள்வி (வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்): என் தம்பி மின்வாரியத்தில் லைன்மேன். 2018-இல் கஜா புயலுக்கு டெல்டா போய்க் கம்பம் நட்டான். கேரளாவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்களாம். அப்படி வந்தவர் கம்பத்திலிருந்து விழுந்தால் யாருங்க பொறுப்பு?

பதில்: தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்கள் சாய்ந்து கிடந்த நேரம் அது. சேற்றில் கடப்பாரை போட்டால் குழிக்குள் தண்ணீர் ஊறி மண் திரும்பச் சரியும், லாரி போகாத வயலுக்குள் கம்பத்தைத் தோளில்தான் தூக்கிப் போகணும். அதைப் பக்கத்து மாநிலத்துக்காரர் வந்து செய்தார் என்றால் அந்த மனசுக்கு ஈடே கிடையாது. ஆனால் மனசு மட்டும் போதாது. உங்கள் கேள்விக்கான பதிலை அவர் பஸ் ஏறும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1992-இல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவைப் புரட்டிப் போட்ட பிறகு தென் மாநிலங்கள் தங்களுக்குள் தொடங்கிய ஏற்பாடு அது. 1996-இல் அந்நாட்டு நாடாளுமன்றமும் ஒப்புக்கொண்டது, இப்போது 50 மாநிலங்களும் அதில் இருக்கின்றன. ஈமேக் (EMAC, ஒரு மாநிலத்துக்கு இன்னொரு மாநிலம் பேரிடரில் உதவும் ஒப்பந்தம்) என்பார்கள். அடிபட்ட மாநிலத்தின் ஆளுநர் (அங்கே அவர்தான் நம் முதல்வர் மாதிரி) பேரிடர் என்று அறிவித்து உதவி கேட்பார். உதவி கேட்ட மாநிலம் அந்தச் செலவைத் திருப்பித் தர வேண்டும். போனவருக்குக் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால், சொந்த மாநிலத்தில் வேலை பார்க்கும்போது நடந்த மாதிரியே கணக்கிட்டு அனுப்பிய மாநிலம் இழப்பீடு தரும். டாக்டர், நர்ஸ் உரிமம் போன இடத்திலும் செல்லும். தன் மக்களுக்கே ஆட்கள் தேவை என்றால் அனுப்பாமலும் இருக்கலாம். 2005-இல் கத்ரீனா புயலின்போது பல்லாயிரம் பேர் இந்த வழியில்தான் போனார்கள்.

நம்மிடம் 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் இருக்கிறது, தேசிய பேரிடர் மீட்புப் படை இருக்கிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் போகும் உதவி பெரும்பாலும் முதல்வரும் முதல்வரும் பேசி, அந்த நேரத்து உத்தரவில் நடக்கிறது. தென் மாநிலங்கள் கூடிப் பேசும் தென் மண்டலக் கவுன்சிலில் உட்கார்ந்து ஒரு நிரந்தர ஒப்பந்தம் போடலாமே! விழுந்தவரின் மனைவி எந்த ஆபீஸ் படி ஏறணும் என்பது அதில் முதல் வரியாக இருக்கட்டும்.

கேள்வி (வாசகர், மேட்டூர்): வயநாடு நிலச்சரிவுக்குத் தமிழ்நாடு 5 கோடி கொடுத்தது. நமக்கே ஆயிரம் செலவு இருக்கும்போது இது தேவையா?

பதில்: தேவைதான். சூரல்மலை சரிந்தது 2024 ஜூலை 30. அதே நாளில்தான் உங்கள் அணை 120 அடியைத் தொட்டது, நினைவிருக்கிறதா? சூரல்மலையின் வெள்ளம் மேற்கே சாலியாற்றில் போனது, சரி. ஆனால் அதே வயநாட்டு மழைதான் கபினி வழியாகக் காவிரியில் சேர்ந்து உங்களிடம் வருகிறது. பணத்தோடு தீயணைப்பு வீரர்களும் மருத்துவக் குழுவும் போனார்கள், அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேள்வி (வாசகி, ஏற்காடு): ஃபெஞ்சல் புயலில் மலைப்பாதை சரிந்த மாதிரி மறுபடி ஆனால் வெளி மாநிலத்துக்காகக் காத்திருக்கணுமா?

பதில்: வேண்டாம்மா. உங்களுக்கு முதல் பொறுப்பு கலெக்டர்தான், மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் தலைவரே அவர். மீட்புப் படை அரக்கோணத்திலிருந்து வரணும், சில மணி நேரம் ஆகும். அதுவரை மலையிலிருந்து இறங்கும் இன்னொரு வழியான குப்பனூர் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரிக்காமல் யாரையும் வண்டியில் ஏற்றாதீர்கள்.