ராணிப்பேட்டை யூனிட்டுக்கு நெட்வொர்க் கேபிள்: கேட் 5இ போதுமா, கேட் 6 வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சிப்காட்டில் ஷூ உதிரிபாக யூனிட், முன்னால் இரண்டு மாடி அலுவலகம், பின்னால் தகரக் கூரை ஷெட். கேட் 5இ (கேட் என்பது கேபிளின் தர வகை) போதும் என்கிறார் ஒருவர், கேட் 6ஏ இல்லாமல் ஆகாது என்கிறார் இன்னொருவர். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இதே வேலையைச் செய்துகொண்டிருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

அலுவலகத்துக்கு கேட் 6 போடுங்கள். கேட் 5இ-யும் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு கிகாபிட்) வேகம் தரும், உண்மைதான். ஆனால் சுவர் வெட்டுவது, பைப், ஆள் கூலி எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. கேட் 6 சுமார் 55 மீட்டருக்குள் 10 ஜிபிபிஎஸ் தாங்கும், அது பின்னால் உதவும். கேட் 6ஏ தடிமனானது, வளைக்கச் சிரமம், பைப்பும் பெரிதாக வேண்டும். உங்கள் அளவுக்குத் தேவைப்படாது.

இந்த இ, ஏ சண்டையைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெட்டி மேல் கேட் 6 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும். சிசிஏ என்பார்கள். ஒரு சாண் நீளம் வெட்டி வாங்கி, ஒரு கம்பியை உரித்து பிளேடால் சுரண்டிப் பாருங்கள். அசல் செம்பு என்றால் சுரண்டச் சுரண்டச் சிவப்பாகவே இருக்கும். அலுமினியம் என்றால் உள்ளே வெள்ளை தெரியும். இரண்டு மூன்று முறை மடக்கினாலே ஒடிந்தும் போகும். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். கேமரா, வைஃபை பெட்டிக்கு அதே கேபிளில் கரண்ட் அனுப்பும்போது (பிஓஇ) சூடேறும், தொலைவில் இருக்கும் கேமரா அடிக்கடி அணையும். எந்தத் தரநிலையும் சிசிஏ-வை ஏற்பதில்லை. கொட்டேஷனிலேயே "முழுச் செம்பு" என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது தூரம். 100 மீட்டர் என்பது சுவருக்குள் 90, இரு முனையிலும் கருவிகளை இணைக்கும் குட்டைக் கேபிள் (பேட்ச் கார்டு) சேர்த்து 10. அதுவும் 20 டிகிரி வெப்பத்துக்குப் போட்ட கணக்கு. நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் வெளியிலேயே 40 தாண்டும், தகரத்துக்கு அடியில் கேட்கவே வேண்டாம். சூடு ஏற ஏற சிக்னல் இழப்பும் ஏறும். அதனால் ஷெட்டில் கூரையை ஒட்டிப் போகும் கேபிளை 70 மீட்டரோடு நிறுத்தச் சொல்வேன். முடிந்தால் கூரையிலிருந்து இறக்கி, சுவர் ஓரமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மோட்டார் லைனோடு ஒரே பைப்பில் மட்டும் போடவே கூடாது.

ஷெட்டும் அலுவலகமும் தனித்தனிக் கட்டிடம் என்றால் நடுவில் செம்பு வேண்டாம், ஒளியால் தகவல் அனுப்பும் கண்ணாடி இழைக் கேபிள் (ஃபைபர்) போடுங்கள். இரண்டு கட்டிடத்து எர்த்தும் ஒன்றாக இருக்காது. இடி இறங்கினால் செம்பு வழியாகவே இரண்டு பக்கத்து நெட்வொர்க் ஸ்விட்சும் (கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) கெட்டுப்போகும். ஃபைபரில் மின்சாரம் பாயாது.

பெரும்பாலானவர்கள் ஏமாறுவது வேலை முடிந்த பிறகுதான். எட்டு விளக்கு மினுக்கும் சின்ன டெஸ்டரைக் காட்டி "எல்லாம் ஓகே சார்" என்பார்கள். கம்பிகள் வரிசை மாறவில்லை, அறுந்து போகவில்லை என்பதுதான் அதில் தெரியும். ஜோடி முறுக்கை முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்துவிட்டார்களா, வளைவில் நசுக்கினார்களா, வேகம் உண்மையில் வருகிறதா என்பதையெல்லாம் அது சொல்லாது. ஃப்ளூக் போன்ற சர்டிஃபையர் கருவியால் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ரிப்போர்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்த ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். தயங்காமல் சம்மதிக்கும் ஆளிடமே வேலையைக் கொடுங்கள், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் சரி.

அப்புறம், ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு பாயிண்ட், இரண்டு முனையிலும் ஒரே எண்ணில் லேபிள். ஸ்விட்ச் முதலியவற்றை மாட்டும் ரேக்கை அலுவலகத்தில் காற்றோட்டமான அறையில் வையுங்கள். பக்கத்தில் தோல் பதனிடும் இடம் இருந்தால் அதை அலுவலகத்துக்குள் வைப்பது இன்னும் அவசியம். சல்ஃபைடு வாயு படும் இடத்தில் செம்பு கறுத்துவிடும். முகப்புத் தகட்டைக் கழற்றினால், உள்ளே கம்பி முனைகள் கரி பூசினாற்போல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கச் சுவரில் பாயிண்ட் கட்டாயம் வேண்டுமென்றால், மூடி வைத்த, தூசு புகாத பெட்டியில் போடச் சொல்லுங்கள்.