குவார்ட்டர்பேக் இடம்தான் வேண்டும் என்றவர்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்காக ஆடிவிட்டுப் பொதுப்பணிக்கு வந்தவர்களில் உங்களைக் கவர்ந்தவர் யார்? ஏன்?

ஜே.சி. வாட்ஸ்.

பலர் ஜாக் கெம்ப் பெயரைச் சொல்வார்கள். அவர் அமைச்சராக இருந்தார், 1996ல் துணை அதிபர் வேட்பாளராக நின்றார். பதவியை வைத்துப் பார்த்தால் அவர்தான் பெரியவர். ஆனால் நான் முதுகலை படித்தது ஓக்லஹோமா மாநிலத்தில், நார்மன் நகரில். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் ஊர் முழுக்கப் பல்கலைக்கழக அணியின் நிறமான கருஞ்சிவப்புச் சட்டைதான். அப்படி ஒரு சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் சொல்லித்தான் வாட்ஸை எனக்குத் தெரியும். அப்புறம் நானாகத் தேடிப் படித்தேன். இன்றுவரை அந்த மனிதர் மேல் மரியாதை குறையவில்லை.

முழுப்பெயர் ஜூலியஸ் சீசர் வாட்ஸ். 1957ல் யுஃபாலா என்ற சின்ன ஊரில் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் ஐந்தாவது. அப்பா பாப்டிஸ்ட் போதகர், கால்நடை வியாபாரி, அந்த ஊரின் முதல் கறுப்பினக் காவலரும் அவர்தான். அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த ஆரம்பப் பள்ளியில் முதன்முதலாகச் சேர்ந்த இரண்டு கறுப்பினக் குழந்தைகளில் ஒருவர் வாட்ஸ். அந்தப் பள்ளியின் பெயர் ஜெஃபர்சன் டேவிஸ் பள்ளி. அடிமை முறையை விடமாட்டோம் என்று போரிட்ட தென்மாநிலங்களின் தலைவர் பெயர் அது. அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டி ஒரு சின்னப் பையன் தினமும் உள்ளே போய் வந்திருக்கிறான் என்று நினைக்கும்போது எனக்கு என்னவோ செய்கிறது.

உயர்நிலைப் பள்ளியில் முதல் கறுப்பினக் குவார்ட்டர்பேக் ஆனார். இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு இது ஏன் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். நம் ஊர்க் கால்பந்து அல்ல இது, பந்தைக் கையில் பிடித்து ஓடியும் எறிந்தும் ஆடுவது. ஒவ்வொரு முறையும் பந்து முதலில் குவார்ட்டர்பேக் கைக்குத்தான் வரும். அடுத்து என்ன என்பதை முடிவு செய்வது அவர். "அந்த இடத்துக்கு மூளை வேண்டும், தலைமைக் குணம் வேண்டும்" என்று சொல்லியே கறுப்பின இளைஞர்களை வேறு இடங்களுக்கு மாற்றிவிடும் வழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது.

ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவர் மாற்று ஆட்டக்காரர்தான். வெறுத்துப்போய் இரண்டு முறை படிப்பை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டு முறையும் அப்பா பேசித் திருப்பி அனுப்பினார். 1979ல்தான் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனார். பயிற்சியாளர் பேரி ஸ்விட்சரின் அணி அப்போது ஆடியது விஷ்போன் என்ற முறை. நடுவில் பாய்பவரிடம் பந்தைக் கொடுப்பதா, தானே வைத்துக்கொண்டு ஓடுவதா, பக்கத்தில் ஓடிவருபவருக்குத் தட்டிவிடுவதா? எதிரணிக்காரர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பார்த்துக் கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். ஓட்டத்தை நம்பிய ஆட்டம், தூக்கி எறிவது குறைவு.

அதனால்தான் 1981 ஜனவரி 1 அன்று நடந்த ஆரஞ்சு பௌல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தை ஓக்லஹோமாக்காரர்கள் மறக்கவில்லை. ஃப்ளோரிடா ஸ்டேட் 17, ஓக்லஹோமா 10. நேரம் கரைந்துகொண்டிருந்தது. வாட்ஸ் 78 கெஜம் அணியை நகர்த்திக்கொண்டு போய், ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் பந்தை எறிந்து டச் டவுன் எடுத்துக் கொடுத்தார். எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பதுதான் டச் டவுன், அதற்கு ஆறு புள்ளி. 17-16. அதற்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் உதைத்து ஒரு புள்ளி எடுத்திருந்தால் சமநிலை. அவர்கள் இரண்டு புள்ளிக்குப் போனார்கள், மறுபடியும் எறிந்தார். 18-17. முந்தைய ஆண்டும் அதே பௌலில் அதே அணியை 24-7 என்று வென்றிருந்தார்கள். இரண்டு முறையும் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

1981லேயே நியூயார்க் ஜெட்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் குவார்ட்டர்பேக்காகவே ஆடலாம் என்று உறுதி தரவில்லை, வேறு இடங்களில் போட்டுப் பார்த்தார்கள். வாட்ஸ் கனடாவுக்குப் போய் ஒட்டாவா அணியில் சேர்ந்தார். அந்த அணிக்கு அந்த ஆண்டு 5 வெற்றி, 11 தோல்வி. அப்படியிருந்தும் கனடாவின் பட்டத்துக்கான கிரே கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்து, எட்மன்டனை இடைவேளையில் 20-1 என்று திணறடித்தது. கடைசி நொடிகளில் ஒரு உதையால் 26-23 என்று தோற்றது. எதிரணியில் ஆடிய குவார்ட்டர்பேக் வாரன் மூன். அவரை 1978ல் அமெரிக்க அணி எதுவும் தேர்ந்தெடுக்கவே இல்லை. சொந்த நாட்டில் இடம் கிடைக்காத இரண்டு கறுப்பினக் குவார்ட்டர்பேக்குகள் மான்ட்ரியலில் எதிரெதிரே நின்ற ஆட்டம் அது.

சரி, பொதுப்பணிக்கு வருகிறேன். ஆட்டத்தை விட்டதும் ஓக்லஹோமா திரும்பி, டெல் சிட்டியில் ஒரு பாப்டிஸ்ட் சபையில் வாலிபர் ஊழியம் செய்தார். நம்மிடம் சபை ஊழியத்துக்கும் அரசு ஊழியத்துக்கும் ஒரே சொல்தான். அவர் வாழ்க்கைக்கு அந்தச் சொல் நன்றாகப் பொருந்துகிறது. 1990ல் மாநிலக் கார்ப்பரேஷன் கமிஷனுக்குப் போட்டியிட்டு வென்றார். மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவியில் ஒரு கறுப்பினத்தவர் வென்றது ஓக்லஹோமாவில் அதுவே முதல் முறை. மின்கட்டணம், எரிவாயு, தொலைபேசி, எண்ணெய்க் கிணறுகள் என்று வீட்டுச் செலவைத் தொடும் விஷயங்களையெல்லாம் கண்காணிக்கும் அமைப்பு அது. கைதட்டல் கிடைக்காத வேலை. ஒரு நட்சத்திர ஆட்டக்காரர் அங்கே தொடங்கியது எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர் குடும்பம் ஜனநாயகக் கட்சியில் ஊறியது. பெரிய மனிதரான, அப்பாவின் சகோதரர் வேட் வாட்ஸ் மாநிலத்தில் கறுப்பினத்தவர் உரிமை இயக்கத்தை நடத்தியவர். வாட்ஸோ 1989ல் குடியரசுக் கட்சிக்கு மாறினார். 1994ல் கறுப்பினத்தவர் பத்தில் ஒருவர்கூட இல்லாத தொகுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபைக்கு வென்றார். அங்கே போய்க் கறுப்பின உறுப்பினர்களின் கூட்டமைப்பில் சேரவில்லை. அதற்காக வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. அவருடைய பொருளாதாரக் கொள்கைகளில் பலவற்றை நானும் ஏற்பதில்லை. ஆனால் சொந்தக் கட்சியிலும் அவர் தலையாட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1998ல் கல்லூரிச் சேர்க்கையில் கறுப்பினத்தவருக்கான முன்னுரிமையைத் தடுக்க ஒரு திருத்தம் வந்தபோது, எதிர்க்கட்சியைச் சேர்ந்த, கறுப்பினத்தவர் உரிமைப் போராளி ஜான் லூயிஸுடன் சேர்ந்து அதை எதிர்த்தார். அது தோற்றது. அதே ஆண்டு இறுதியில் சொந்தக் கட்சியின் ஜான் போனரைத் தோற்கடித்து, சபையில் தன் கட்சியின் நான்காம் இடத் தலைமைப் பதவிக்கு வந்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. வாஷிங்டனில் கறுப்பின வரலாற்றுக்குத் தேசிய அருங்காட்சியகம் வேண்டும் என்று ஜான் லூயிஸ் 1988லிருந்து மசோதா கொண்டுவந்துகொண்டே இருந்தார். வாட்ஸ் தோள் கொடுத்ததும் அது இரு கட்சிகளின் மசோதா ஆனது. 2001ல் திட்டமிடும் குழுவுக்கான சட்டம் நிறைவேறியது. 2003 ஜனவரியில் வாட்ஸ் தானாகவே சபையை விட்டு விலகினார். பேருந்தில் இடம் விட மறுத்துப் புகழ்பெற்ற உரிமைப் போராளி ரோசா பார்க்ஸே இருக்கச் சொல்லிக் கடிதம் எழுதியும் நிற்கவில்லை. அருங்காட்சியகச் சட்டம் அந்த டிசம்பரில் கையெழுத்தானது, 2016ல் கதவு திறந்தது.

விலகிய பிறகு அவர் நிறுவனங்களுக்காகப் பரிந்து பேசும் தொழிலுக்குப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. 2020ல் கறுப்பினத்தவருக்கென்று ஒரு செய்தித் தொலைக்காட்சியைத் தொடங்கினார், அது இரண்டே ஆண்டில் மூடப்பட்டது.

அவரைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள விரும்பினால் மேடைப் பேச்சுகளிலிருந்து தொடங்க வேண்டாம். அந்த 18-17 ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைத் தேடிப் பாருங்கள். சமநிலை போதும் என்று நினைக்காமல் இரண்டாவது முறை அவர் கையை ஓங்கும் அந்த நொடியைப் பாருங்கள்.